அடுப்படிக் கேள்வி பதில்: தோப்பில் மூட்டும் தீயும் காலைப் பலகாரமும்

அன்றாடச் சமையலைப் பற்றி வாசகர்கள் எழுதும் ஐயங்களுக்கு இப்பகுதியில் விடை எழுதி வருகிறேன். தைப்பொங்கலை ஒட்டி வந்த கடிதங்களில் பலவும் தோப்பிலும் கண்மாய்க் கரையிலும் தங்கி, திறந்த வெளியில் விறகு மூட்டிக் காலைப் பலகாரம் செய்வதைப் பற்றியே இருந்தன. ஆகவே மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு இம்முறை இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா அவர்களுக்கு வணக்கம். சென்ற பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து மகனும் மகளும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டதால், குன்றக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தென்னந்தோப்பில் ஓர் இரவு தங்கினோம். காலையில் மூன்று கல் கூட்டி, கீழே கிடந்த மட்டையையும் பாளையையும் எரித்து, தீ நன்றாகக் கொழுந்துவிட்டதும் இருப்புச்சட்டியை வைத்து உருளைக்கிழங்கு வதக்கினோம். அடி கருகிவிட்டது, மேலே வேகவில்லை, எல்லாவற்றிலும் புகை வாடை. கடைசியில் ஊருக்குள் போய் இட்லி வாங்கி வந்தோம். இந்த ஆண்டும் பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்கே பிழை செய்தோம்?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தாங்கள் செய்த பிழையைத் தங்கள் கடிதமே சொல்லிவிடுகிறது. தீ கொழுந்துவிட்டு எரியும் நேரம் வெந்நீர் வைப்பதற்கும் சோறு வடிப்பதற்கும் உரியது. சட்டியில் வதக்குவதற்கும் பொரிப்பதற்கும் உரிய நேரம், கொழுந்து அடங்கி, கங்குகளின் மேல் மெல்லிய சாம்பல் படர்ந்த பிறகுதான் வருகிறது. பானையில் இருக்கும் நீர், அடியில் படும் சூட்டை வாங்கிச் சுழன்று எல்லாப் பக்கமும் பகிர்ந்துகொள்ளும். கொதிநிலைக்கு மேல் சூடு ஏறவும் விடாது. எண்ணெய் மட்டும் ஊற்றிய இருப்புச்சட்டிக்கு அந்தக் காவல் இல்லை. கொழுந்து காற்றில் சாய்ந்து சட்டியின் ஒரு பக்கத்தையே நக்கும்போது, அந்த இடத்தில் உருளைக்கிழங்கு கருகும். மறுபக்கத்தில் எண்ணெய்கூடக் காய்ந்திருக்காது. வார்ப்பிரும்பு சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர, ஓரிடத்தில் பட்ட சூட்டை மறுபக்கத்துக்கு விரைவாகக் கடத்தாது. அவ்வகையில் அலுமினியம் அதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆகவே இருப்புச்சட்டிக்கு அதன் அடியைவிடச் சற்று அகலமாகப் பரப்பிய தணல்தான் பொருந்தும்.

புகை வாடைக்கும் காரணம் இதுவே. விறகு கொழுந்துவிடும் நேரத்தில் அதன் உள்ளிருக்கும் ஈரமும் பிசினும் ஆவியாகி வெளியேறுகின்றன. அவற்றில் முழுதாக எரியாத பகுதிதான் புகையாகவும் கரியாகவும் சட்டியிலும் உணவிலும் படிகிறது. அவையெல்லாம் போன பின் எஞ்சும் கரியே கங்காக எரிவதால், அதிலிருந்து புகை ஏறக்குறைய வருவதில்லை.

அடுத்து, விறகு. தென்னை மட்டையும் பாளையும் பற்றவைப்பதற்கு மிகச் சிறந்தவை. ஆனால் அவை ஆளுயரத்துக்கு எரிந்து, கால்மணி நேரத்தில் வெறும் சாம்பலாகிவிடும். தாங்கள் அன்று எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தாலும் அந்த மட்டைகளிலிருந்து தணல் கிடைத்திருக்காது. தணலுக்கு வேண்டியது கனத்த விறகு. நம் சிவகங்கைச் சீமையில் எங்கு திரும்பினாலும் நிற்கும் சீமைக்கருவேலத்தை நிலத்துக்குக் கேடு என்று அகற்றச் சொல்கிறார்கள், அது நியாயமும்கூட. ஆனால் அடுப்பு விறகாக அதற்கு இணை சொல்வது கடினம். மணிக்கட்டுப் பருமனில் வெட்டி, ஒரு கோடை முழுவதும் காய்ந்த கருவேல் கட்டை, அரைமணி முதல் முக்கால் மணி நேரத்தில் கண்ணாடி போன்ற தணலைத் தரும். புளியங்கட்டையும் சவுக்கும் அடுத்த நிலையில் உள்ளவை. தோப்பில் கிடக்கும் சிரட்டைகளை மட்டும் வீணாக்காமல் சேர்த்து வையுங்கள். அவற்றின் கங்கு நெடுநேரம் நிற்காது. ஆனால் அதன் சூடு கடுமையாக இருப்பதால், தணல் தளரும் வேளையில் நான்கு சிரட்டைகளைப் போட்டால் கை கொடுக்கும்.

மூன்று கல் கூட்டுவதைவிட, கல்யாண வீடுகளில் சமையற்காரர்கள் வெட்டும் கோட்டை அடுப்பை மனத்தில் கொண்டு, அதன் சிறு வடிவமாக ஒரு பள்ளம் வெட்டுவதே நல்லது. மூன்றடி நீளம், ஓர் அடி அகலம், அரையடி ஆழம் போதும். மார்கழியிலும் தையிலும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், பள்ளத்தின் வாயை அந்தத் திசைக்கு வைத்து, அந்த முனையில்தான் விறகு எரிய வேண்டும். மறுமுனையின் இரு ஓரங்களிலும் சுட்ட செங்கற்களை அடுக்கிச் சட்டி உட்காரும் இடமாக்கிக்கொள்ளுங்கள். எரியும் முனையில் விழும் கங்குகளை ஒரு நீண்ட கரண்டியாலோ மண்வெட்டியாலோ இழுத்துச் சட்டியின் அடியில் பரப்பிக்கொண்டே இருக்கலாம். எரியும் பக்கத்தில் காப்பிக்கு வெந்நீர் கொதிக்கும்போது, தணல் பக்கத்தில் சட்டி வேலை நடக்கும்.

செங்கல் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் சிறு வயதில், கண்மாய்க்குள் கிடந்த உருண்டைக் கற்களைக் கூட்டி என் சித்தப்பா அடுப்பு மூட்டினார்; சிறிது நேரத்தில் ஒரு கல் வெடித்து, அதன் சில்லு என் அண்ணனின் புருவத்தில் பட்டது. நீரில் கிடந்த கல்லுக்குள் தங்கியிருக்கும் ஈரம், சூடேறி ஆவியாக விரிந்து, வெளியேற வழியில்லாமல் கல்லைப் பிளந்துவிடும். அந்தச் சில்லு ஓர் அங்குலம் தாழ்ந்து பட்டிருந்தால் கண் போயிருக்கும். ஆகவே நீர்நிலைக் கற்களை அடுப்புக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

தணல் பதத்தை அறிவதற்குக் கருவி வேண்டியதில்லை. கங்குகளுக்கு மேலே நான்கைந்து விரற்கடை உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி, ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். இரண்டு, மூன்றுக்குள் கையை இழுத்துக்கொள்ள நேர்ந்தால் சூடு அதிகம். கங்குகளைச் சற்றே விலக்குங்கள். ஐந்து வரை தாங்கினால் உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கும் ஏற்ற சூடு. எட்டு வரை தாங்கினால் அது பலகாரத்தைச் சூடாக வைத்திருக்க மட்டுமே உதவும்.

காலைப் பனியில் விறகு நனையும் என்பதால் முதல் நாள் மாலையே தார்ப்பாயில் மூடி வையுங்கள். தை மாதத்தில் நம் பக்கம் சூரியன் எழ ஆறரை மணிக்கு மேல் ஆகிறது. ஐந்தரைக்கு ஒருவர் எழுந்து தீ மூட்டிவிட்டால், பிள்ளைகள் கண் விழித்து வரும்போது தணல் ஆயத்தமாக இருக்கும். சென்ற ஆண்டு எல்லாரும் எழுந்த பிறகு, பசியோடு சுற்றி நின்றபோது தீ மூட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு எவராலும் முக்கால் மணி நேரம் தணலுக்காகக் காத்திருக்க முடியாது.

கேள்வி: பரணில் என் மாமியார் காலத்து இருப்புச்சட்டி ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. வெளியில் சமைக்க அதை எடுத்துப்போக விரும்புகிறேன். துருவைப் போக்கிப் பழக்குவது எப்படி? பழக்கினாலும் சில நாளில் பிசுபிசுப்பாகிவிடுகிறது என்று என் தங்கை சொல்கிறாள்.
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: துரு மேலோடு இருக்கிறதா, இரும்பையே தின்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓட்டையோ விரிசலோ இல்லையென்றால் எத்தனை ஆண்டுத் துருவாக இருந்தாலும் சட்டியை மீட்டுவிடலாம். கெட்டியாகக் கரைத்த புளியை உள்ளும் புறமும் பூசி அரைமணி நேரம் விடுங்கள். புளியின் புளிப்பு துருவை இளக்கும். பிறகு செங்கல் பொடியைத் தேங்காய் நாரில் தொட்டு, சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை தேய்த்துக் கழுவி, அந்த நிமிடமே அடுப்பில் ஏற்றி ஈரம் போகக் காய வையுங்கள். துணியால் துடைத்துவிட்டு அப்படியே விட்டால், தாங்கள் எண்ணெய்க் குப்பியை எடுத்து வருவதற்குள் மீண்டும் செந்நிறம் படர்ந்துவிடும்.

தங்கள் தங்கை சொல்லும் பிசுபிசுப்புக்கு எண்ணெய் மிகுதியே காரணம். பழக்குவது என்பது சட்டிக்கு எண்ணெய் ஊட்டுவது அன்று; மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தைச் சூட்டில் இறுகச் செய்து, இரும்போடு ஒட்டிய கடினமான மேற்பூச்சாக மாற்றுவது. ஆகவே சட்டி கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது, கடலை எண்ணெயை உள்ளும் புறமும் கைப்பிடியிலும் தடவி, பிறகு தவறுதலாகத் தடவிவிட்டதைத் துடைத்து எடுப்பதுபோல் உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கும் எண்ணெயே போதுமானது. இனி சட்டியைத் தணல் மேல் கவிழ்த்து, புகை எழுந்து அடங்கும்வரை வைத்து, ஆறவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை திரும்பச் செய்தால் சட்டி கறுத்து மினுங்கத் தொடங்கும். அரிசி கழுவிய நீரையும் கஞ்சியையும் ஊற்றி வைத்து, பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தேய்க்கும் நம் வீட்டு முறையும் நல்லதுதான். ஆனால் அது பழகிய சட்டியைப் பேணுவதற்கு ஏற்றதே அன்றி, துரு நீக்கிய புதுப் பரப்புக்கு அது மட்டும் போதாது.

முதல் பத்து நாட்கள் அதில் புளிக்குழம்போ தக்காளித் தொக்கோ வைக்காதீர்கள். புளிப்பு, தாங்கள் அரும்பாடுபட்டு ஏற்றிய பூச்சைக் கரைத்துவிடும். சூடான சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றுவது அதைவிடப் பெரிய கேடு. வார்ப்பிரும்பு அந்த அதிர்ச்சியில் விரிசல் விட்டுவிடக்கூடும்.

பரணில் சட்டி இல்லாத வாசகர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளைப் பார்க்கலாம். காட்சிக்காகக் கறுப்புச் சாயம் பூசப்பட்டிருந்தால் அதை முழுவதும் நீக்கிய பிறகே சமையலுக்கு எடுக்க வேண்டும். அதே கடைகளில் அழகழகாக அடுக்கியிருக்கும் பழைய எனாமல் பாத்திரங்களைத் தணல் மேல் வைக்க வேண்டாம். வெறும் பாத்திரம் சூடேறினால் எனாமல் தெறித்து உணவில் கலந்துவிடும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன், கைப்பிடி வைத்த, தட்டையான வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறான். பன்னிரண்டு அங்குலம். அங்கே காட்டில் கூடாரமடித்துத் தங்கும்போது இதிலேதான் காலை உணவு முழுவதையும் செய்வார்களாம். நம் ஊர்ச் சமையலுக்கு இது உதவுமா? ஒரே சட்டியில் ஆறு பேர் வயிறு நிறையும்படி நம் சுவையில் என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: நன்றாக உதவும். அந்த நாட்டில் டென்னசி மாநிலத்தில் 1896-இல் தொடங்கப்பட்ட லாட்ஜ் என்ற வார்ப்பகம் இன்றும் இத்தகைய சட்டிகளை வார்த்துக்கொண்டிருக்கிறது. நம் இருப்புச்சட்டியின் குழிந்த அடியில் எண்ணெய் நடுவில் சேரும். அந்தத் தட்டையான சட்டியில் எல்லாக் கிழங்குத் துண்டுகளும் ஒரே நேரத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். முறுகலுக்கு அதுவே வசதி. கைப்பிடியும் சட்டியளவே சுடும் என்பதை மட்டும் வீட்டில் எல்லாரும் நினைவில் கொள்ள வேண்டும்.

அங்கே அதில் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியை முதலில் வறுத்து, அதன் கொழுப்பிலேயே உருளைக்கிழங்கையும் முட்டையையும் செய்வது வழக்கம். அந்த இறைச்சியின் இடத்தில் வைப்பதற்கு, நம்மிடம் அதைவிட மணமுள்ள ஒரு பொருள் இருக்கிறது. அது உப்புக்கண்டம். ஆட்டிறைச்சியை நீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காய வைத்து, ஜாடியில் பத்திரப்படுத்துவதை நம் பாட்டிமார் வீடு தவறாமல் செய்தார்கள். குளிர்பெட்டி இல்லாத இடத்துக்கு எடுத்துச் செல்ல அதைவிடத் தகுந்த இறைச்சி வேறில்லை. நம் வீடுகளில் இது மெல்ல மறைந்து வருவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. தோப்புச் சமையலுக்காகவேனும் இந்த மாசி வெயிலில் அரைக் கிலோ போட்டு வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆறு பேருக்கு முக்கால் கிலோ உருளைக்கிழங்கு, 150 கிராம் உப்புக்கண்டம், கால் கிலோ சின்ன வெங்காயம், பன்னிரண்டு பல் பூண்டு, எட்டு முட்டை, ஆறு வரமிளகாய், ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி மிளகு, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, ஆறு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் வேண்டும். சோம்பையும் மிளகையும் தனித்தனியே ஒன்றிரண்டாக இடித்துப் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். கல்பாசியும் மராட்டி மொக்கும் காலை வேளைக்குக் கனம். அவற்றை மதியக் குழம்புக்கு விட்டுவிடலாம்.

இதன் பாதி வேலை முதல் நாள் இரவு வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். உருளைக்கிழங்கைத் தோலோடு முக்கால் பதம் வேகவைத்து, நீரை வடித்து, இரவு முழுவதும் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும் கிழங்கை அரிந்து சட்டியில் போட்டால் உடைந்து குழையும். ஆறிய கிழங்கில் மாவுச்சத்து இறுகி, மேற்பரப்பும் உலர்ந்திருப்பதால், துண்டு உடையாமல் பொன்னிறமாக முறுகும். வெங்காயத்தையும் பூண்டையும் வீட்டிலேயே உரித்துவிடுங்கள். பனியில் விறைத்த விரல்களோடு தோப்பில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பது யாருக்கும் இன்பமாக இராது.

காலையில் உப்புக்கண்டத்தை வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, அம்மியிலோ கல்லிலோ தட்டி நார் நாராக்கிக்கொள்ளுங்கள். தணலில் சட்டியை வைத்து இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, சூடு ஏறுவதற்கு முன்பே உப்புக்கண்டத்தைப் போட்டால்தான், அதிலுள்ள கொழுப்பு மெல்ல உருகி எண்ணெயோடு சேரும். மொறுமொறுப்பானதும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மீதி எண்ணெயையும் விட்டு, கிழங்குத் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இனி ஐந்து நிமிடம் கரண்டியைத் தொடாமல் இருப்பதுதான் முறுகலுக்கான வழி. கிழங்கு முறுகத் தொடங்கும்வரை சட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும்; முறுகிய பின் தானே விட்டுக்கொடுக்கும். ஒட்டுகிறதே என்று அதற்கு முன் சுரண்டினால் பொன்னிறத் தோல் சட்டியிலும் வெறும் கிழங்கு கரண்டியிலும் தங்கும். ஒரு பக்கம் முறுகியதும் திருப்பிவிட்டு, ஓரமாக ஒதுக்கி, நடுவில் வரமிளகாய், சோம்பு, வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை என்ற வரிசையில் போட்டு வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போலானதும் எல்லாவற்றையும் கலந்து, உப்புக்கண்டத்தைத் திரும்பச் சேர்த்து, அதன் பிறகு சுவைத்துப் பார்த்தே உப்புப் போட வேண்டும். பல சமயம் உப்பே தேவைப்படாது.

இனி கரண்டியின் முதுகால் எட்டுக் குழிகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மிளகைத் தூவி, கனத்த தட்டால் மூடுங்கள். தட்டின் மேல் ஒரு கரண்டித் தணலைப் பரப்பி, அடியிலுள்ள தணலில் பாதியை இழுத்துவிடுங்கள். வெள்ளைக்கரு 65 பாகை செல்சியசுக்கு அருகில் இறுகத் தொடங்கும். சூடு கீழிருந்து மட்டும் வந்தால், மேலே வெள்ளைக்கரு இறுகுவதற்குள் அடி கருகிவிடும். தம் போடுவதற்கு மேலே நெருப்பு வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். நான்கு நிமிடத்தில் திறந்து பாருங்கள். சிறு குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மஞ்சள்கருவும் முழுதாக இறுகும்வரை இன்னும் மூன்று நிமிடம் விட்டுக் கொடுப்பது நல்லது.

இதற்கு வீட்டில் அரைத்து எடுத்துச் சென்ற வரமிளகாய்ச் சட்னி போதும். சட்டி காலியானதும் அதைக் கழுவிவிடாதீர்கள். முதல் நாள் இட்லியை உதிர்த்து அந்த எண்ணெயிலும் ஒட்டிய மசாலாவிலும் பிரட்டி எடுத்தால், அதற்கு நடக்கும் போட்டியில் பெரியவர்களுக்குப் பங்கு கிடைப்பது அரிது.

கேள்வி: தைப்பூசத்துக்கு என் கணவர் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பவர். ஆகவே தை மாதத்தில் எங்கள் வீட்டில் முட்டைக்கும் இடமில்லை. விறகுத் தணலில் குழிப்பணியாரம் செய்யலாம் என்றால், நடுக்குழிகள் கருகுகின்றன, ஓரக் குழிகள் வேகவில்லை. வெள்ளைப் பணியாரமும் வெளியில் செய்யலாமா?
— ஒரு ஆச்சி, கோட்டையூர்

பதில்: ஆச்சி, தணலைச் சட்டியின் அடியில் குவித்து வைப்பதால் வரும் கோளாறு இது. பணியாரச் சட்டிக்குத் தணலை வளையமாகப் பரப்பி, நடுவில் இரண்டொரு கங்குக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தால், காற்று ஒரு பக்கத்துத் தணலை அதிகமாகக் கனற்றினாலும் எல்லாக் குழிக்கும் சூடு சமமாகப் போய்ச் சேரும்.

இட்லி அரிசியும் பச்சரிசியும் ஒவ்வொரு உழக்கு என்றால் உளுந்து அரை உழக்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. தைக் குளிரில் மாவு புளிக்க நேரம் கூடுதலாக ஆகும் என்பதால், முதல் நாள் மதியமே அரைத்துவிடுவது நல்லது. தூக்குவாளியில் பாதிக்கு மேல் ஊற்றினால் வண்டிக் குலுங்கலிலேயே பொங்கி வழிந்துவிடும். காரப் பணியாரத்தை முதலில் முடித்துவிட்டு, தணல் தளர்ந்த பிறகு வெல்லப் பணியாரத்துக்கு வாருங்கள். வெல்லம் விரைவில் கருகும் இயல்புடையது, அதற்குத் தளர்ந்த தணலே பொருத்தம்.

வெள்ளைப் பணியாரம் வேண்டாம். ஆழாக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தைக் குவித்து அளக்கும் அந்தப் பக்குவம் நம் வீடுகளின் பெருமை என்றாலும், அது எண்ணெய் நிறைந்த சட்டியில் ஊற்றி எடுக்கும் பலகாரம். சமமில்லாத தரையில், பிள்ளைகள் ஓடும் இடத்தில், திறந்த நெருப்பின் மேல் காயும் எண்ணெய் ஒரு முறை தளும்பினால் போதும், தீ சட்டி வரை ஏறிவிடும். அதற்குப் பதில், இப்போது கிடைக்கும் பச்சை மொச்சையை உரித்து முன்னரே வேகவைத்து எடுத்துச் சென்று, சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டுகளோடு சோம்பும் சின்ன வெங்காயமும் சேர்த்து இருப்புச்சட்டியில் பிரட்டினால், பணியாரத்துக்குத் துணையாகவும் வயிற்றுக்கு நிறைவாகவும் இருக்கும்.

கேள்வி: வீட்டில் இருக்கும் ஒட்டாத பூச்சுச் சட்டியைத் தணலில் வைக்கலாமா?
— ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: கூடாது. அந்தப் பூச்சு 260 பாகை செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கி, மூச்சுக்குக் கேடான புகையை வெளியிடும். மங்கலாகச் சிவந்து தெரியும் கங்கின் சூடே 600 பாகைக்கு மேல் இருக்கும்.

கேள்வி: வெளியில் செய்த பலகாரத்தைச் சட்டியோடு கொண்டுவந்து வளவில் வைத்துப் பரிமாறினோம். ஆத்தங்குடிக் கல் தரையில் வட்டமாகக் கறையும் மெல்லிய கீறலும் விழுந்துவிட்டன. போக்க முடியுமா?
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: கறையைக் குறைக்கலாம்; கீறல் போகாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அன்று. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, நீரில் ஊறவைத்து இறுகச் செய்வது. அது திடீர்ச் சூட்டைத் தாங்காது, எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். தவிட்டைத் தூவி ஒரு நாள் விட்டுப் பெருக்கி, பிறகு வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வாருங்கள். புளியும் எலுமிச்சையும் அந்த மேற்பரப்பை அரித்துவிடும். இனிச் சட்டியை இறக்குவதற்கு ஒரு பிரிமணையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தோப்பில் கையில் கிடைத்த குச்சிகளை எல்லாம் எரிக்கலாமா? வேண்டாதவை எவை?
— ஒரு வாசகர், ஆலங்குடி

பதில்: அரளியை எரிக்கவும் கூடாது, அதன் குச்சியில் எதையும் குத்திச் சுடவும் கூடாது, அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. கள்ளியும் எருக்கும் பால் வடிப்பவை, அவற்றின் பால் கண்ணுக்குக் கெடுதல். தங்கள் ஊர்ப் பக்கம் முந்திரிக் காடுகள் நிறைய இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும்: முந்திரிக் கொட்டையின் ஓட்டை அடுப்பில் போடாதீர்கள், அதன் எண்ணெய்ப் புகை தோலையும் மூச்சையும் புண்ணாக்கும். சாயம் பூசிய பலகையும் ஒட்டுப்பலகையும் அறவே வேண்டாம். வேம்பு தீங்கில்லை, ஆனால் அதன் புகை ஏறிய உணவில் கசப்புத் தட்டும்.

கேள்வி: பலகாரம் முடிந்ததும் அடுப்பின் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிடுவது எங்கள் வழக்கம். அது போதும் அல்லவா? அடுத்த மாதம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் பக்கமோ, பிரான்மலைப் பக்கமோ போய்ச் சமைக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகலாமா?
— ஒரு வாசகர், திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்

பதில்: பறவைகளைப் பார்ப்பதற்கும் மலையேறி இறைவனை வணங்குவதற்கும் தாராளமாகப் போய் வாருங்கள், தீ மூட்டுவதற்கு அன்று. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதை 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. வேட்டங்குடியைச் சுற்றியுள்ள ஊர் மக்கள், கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அத்தகைய ஊரின் எல்லையில் நாம் புகை எழுப்புவது முறையாகாது. தங்கள் சொந்தத் தோப்போ, உரிமையாளரின் இசைவு பெற்ற இடமோதான் சமையலுக்கு ஏற்றது. அங்கும் அடுப்பைச் சுற்றி ஐந்தடிக்குச் சருகையும் காய்ந்த புல்லையும் பெருக்கிவிட்டு, இரண்டு குடம் நீரை அருகில் வைத்த பிறகே தீக்குச்சியை உரச வேண்டும்.

மண்ணால் மூடுவது போதாது என்பதோடு, மூடாமல் விடுவதைவிட அது ஆபத்தானது. மண் போர்வைபோல் சூட்டைக் காத்து வைப்பதால், உள்ளே கங்கு பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். மேலே பார்ப்பவர்களுக்குத் தரை போலவே தெரியும். அந்த வழியாக வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளையோ, மேய வரும் ஆடோ அதை மிதித்துவிடும். எங்கள் உறவில் ஒரு சிறுவன், காலையில் மூடிய அடுப்பை மாலையில் மிதித்து இரண்டு வாரம் நடக்க முடியாமல் கிடந்தான். ஆகவே எரியாத கட்டைகளைத் தனியே பிரித்து நீரில் நனைத்துவிட்டு, தணலின் மேல் நீரை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகத் தெளித்து, குச்சியால் கிளறி, மீண்டும் தெளித்து, சீறும் ஓசை முழுதும் நிற்கும்வரை செய்யுங்கள். சட்டியையும் செங்கற்களையும் அதற்கு முன்பே விலக்கிவிட வேண்டும். கடைசியாகப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்புக்கூடத் தெரியவில்லை என்றால் பிறகு மண்ணைத் தள்ளிப் பள்ளத்தை நிரவலாம்.

சட்டியை ஊருணியில் இறங்கிக் கழுவ வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்து ஊருணிகள் பலவற்றில் இன்றும் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பலும் நாரும் கொண்டு கரையிலேயே தேய்த்து, குடத்து நீரால் அலசி, அந்த நீரைத் தோப்புக்குள் ஊற்றிவிடுங்கள். ஆறிய சாம்பலில் கொஞ்சத்தைத் தென்னையின் தூருக்கு மிக அருகில் கொட்டாமல், இரண்டு மூன்று முழம் தள்ளி வட்டமாகத் தூவிவிட்டு வரலாம்.